மேல்மண்ணில் கிடக்கும் இருநூறு ஆண்டுகள்: மலையக வீதிகளும் தொல்பொருள் சோதனை அகழ்வும்

இலங்கை மலையகத்தில் ஒரு வீதி அகலமாக்கப்படப் போகிறது, அல்லது புதிதாக ஒன்று வரப் போகிறது என்றால், தோட்டத்து மக்கள் கண்ணில் முதலில் படுவது தேயிலைக்கு நடுவே அடித்திருக்கும் முளைக்கட்டைகள்தான். நில அளவையாளர்கள் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு, மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஏறி வருவதற்கு முன், சில இடங்களில் இன்னொரு குழு வரும். நூல் கட்டி, ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரமாக மண்ணை வெட்டுவார்கள். வெட்டிய மண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். குழியின் சுவரைப் பார்த்துப் படம் வரைவார்கள். பிறகு மூடிவிட்டுப் போய்விடுவார்கள். புதையல் தேடுகிறார்கள் என்று தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் கதை கிளம்பும்.

அவர்கள் செய்வது சோதனை அகழ்வு. வீதி போகும் தடத்தில் நிலத்துக்கடியில் பழைய மனித வாழ்வின் தடயம் ஏதும் உண்டா, எவ்வளவு ஆழத்தில், எந்தக் காலத்தது, எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று சிறிய குழிகள் மூலம் அறிவதுதான் அதன் வேலை. ஒன்றும் இல்லையென்றால் வீதிக்குப் பச்சைக்கொடி. இருந்தால் மூன்று வழிகள் உண்டு. தடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம், அந்த இடத்தை மட்டும் முழுமையாக அகழ்ந்து பதிவு செய்யலாம், அல்லது மண் வெட்டும்போது ஒரு தொல்லியலாளரைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம். நிலத்தடித் தடயத்தை ஒரு தடவை கலைத்தால் கலைத்ததுதான். அதனால்தான் முதலில் சின்னதாகத் தோண்டிப் பார்க்கிறார்கள்.

இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. 1998இல் 24ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்னதாகத் தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்ற கடப்பாடு அதோடுதான் உறுதியானது. 2000ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான நடைமுறைக் கட்டளை எந்தத் திட்டங்களுக்கு அது பொருந்தும் என்று வரையறுத்தது. கால் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தைத் தொடும் திட்டங்கள் அதற்குள் வருகின்றன. செலவைத் திட்டத்தை நடத்துபவர் ஏற்க வேண்டும். இது போக, 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலைகளுக்குச் சுற்றாடல் சட்டத்தின் கீழும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். என் கவலை அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு திகதியைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மலைநாட்டு மண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம்.

நிறைய இருக்கிறது. மலைநாடு வெள்ளைக்காரன் வரும்வரை ஆளில்லாக் காடாகக் கிடந்தது என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். பண்டாரவளைப் பக்கத்துப் புல்மேடுகளில் படிகக்கல்லில் செதுக்கிய நுண்கருவிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சேகரிக்கப்பட்டன. அதே காலத்தில் ஜோன் போல் என்ற தோட்டத்துரை மஸ்கெலியா மலைகளில் இப்படியான கற்களைப் பொறுக்கி, 1913இல் ஒரு நூலே வெளியிட்டார். அந்தக் காலத்தில் மலையை வெட்டித் தேயிலைக் குழி போட்ட கைகள் யாருடையவை என்று சொல்லத் தேவையில்லை. துரை கையில் போய்ச் சேர்ந்த கற்களில் சிலவாவது முதலில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர் மண்வெட்டியில் தட்டுப்பட்டிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். கித்துல்கலவின் பெலிலென குகையில் கற்கால மனிதர் பல்லாயிரம் ஆண்டுகள் தங்கி வாழ்ந்த படிவுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கம்பளை இராச்சிய காலத்தைச் சேர்ந்த லங்காதிலக விகாரையின் பாறையில் 1344ஆம் ஆண்டின் சாசனம் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. பலன, கலகெதர போன்ற கணவாய்கள் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆங்கிலேயர் காலம் வரை கண்டி இராச்சியத்தின் காவல் வாசல்களாக இருந்தவை. மலையில் வீதி எப்போதும் கணவாய் வழியாகத்தான் போக முடியும். அன்று ஆள் நடந்த இடமும் அதுதான், இன்று வீதி போட வசதியான இடமும் அதுதான்.

கட்டுமானத்துக்கு முந்திய ஆய்வு எவ்வளவு தூரம் பலன் தரும் என்பதற்கு நம் மலைகளின் தென்விளிம்பிலேயே உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, தண்ணீரில் மூழ்கவிருந்த நிலத்தை 1980களின் இறுதியில் தொல்லியலாளர்கள் நடந்து நடந்து பார்த்தார்கள். மேட்டு விளிம்புகளில், இரும்பு உருக்கும்போது கழியும் கசடு குவியல் குவியலாகக் கிடந்தது. சாதாரணமாகப் பார்த்தால் கறுத்த கல்தான், காலால் தட்டிவிட்டுப் போய்விடலாம். கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர் தட்டிவிட்டுப் போகவில்லை. பல உலைகள் மேற்குப் பார்த்த சரிவின் உச்சியிலேயே ஏன் இருக்கின்றன என்று கேட்டார். அகழ்ந்து பார்த்தபோது விடை வந்தது. யூன் முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அந்த விளிம்பில் மோதி மேலெழும் இடத்தில் நீண்ட முன்சுவரோடு உலைகளைக் கட்டியிருக்கிறார்கள். துருத்தி ஊத ஆள் தேவையில்லை, காற்றே ஊதிக் கொடுத்திருக்கிறது. காலம் கிறிஸ்துவுக்குப் பின் முதல் ஆயிரம் ஆண்டுக்குள். சரி, இது வெறும் ஊகமா என்று கேட்டவர்களுக்காக, அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் இரும்பு உருக்கிக் காட்டினார்கள். உயர் கரிம உருக்கும் (எஃகும்) கிடைத்தது. 1996இல் நேச்சர் சஞ்சிகையில் இது வெளியானதும், காற்றை மட்டும் நம்பிய உலையில் நல்ல உருக்கு வராது என்ற பழைய நம்பிக்கை தகர்ந்தது. நீர்த்தேக்கமும் கட்டப்பட்டது, மின்சாரமும் வந்தது. ஆய்வு திட்டத்தைக் கொன்றுவிடும் என்று பயப்படும் பொறியியலாளர்களிடம் நான் எடுத்துச் சொல்வது இந்தக் கதையைத்தான்.

ஆனால் மலைச்சரிவில் சோதனை அகழ்வு செய்வது சமவெளியில் செய்வது போலல்ல. அநுராதபுரத்தில் குழி வெட்டினால் காலங்கள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். மலையில் மண் நிற்பதில்லை. கோப்பிக்காகக் காடு மொத்தமாக வெட்டப்பட்ட 19ஆம் நூற்றாண்டில், மூடாத சரிவுகளிலிருந்து மேல்மண் மழையோடு இறங்கிப் பள்ளங்களில் சேர்ந்தது. விளைவு என்னவென்றால், சரிவின் மேல்பகுதியில் பழைய தரை அரித்துப் போய்விட்டிருக்கும். கீழே ஓடைக்கரையில் அதே பழைய தரை ஒரு மீற்றர், சில இடங்களில் அதற்கும் கூடிய ஆழத்தில் புதைந்திருக்கும். அரை மீற்றர் தோண்டிவிட்டு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது உண்மையல்ல, அவசரம். பழைய குடியிருப்பைத் தேடுபவர் மலையின் தோள்பட்டை போன்ற சமதரைகள், முகடுகளுக்கிடையிலான தாழ்வுகள், நீரூற்றுக்குப் பக்கத்து மேடுகள் ஆகியவற்றில்தான் குழிகளை அதிகம் போட வேண்டும். நடுக்கோட்டில் சம தூரத்துக்கு ஒன்றாகக் குழி போடுவது அறிக்கையில் அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 30 மீற்றர் அகலத்தில் ஒரு கிலோமீற்றர் தடம் என்றால் 30,000 சதுர மீற்றர். அதில் 20 மீற்றருக்கு ஒன்றாக ஒரு மீற்றர் சதுரக் குழிகள் ஐம்பது போட்டாலும் நாம் பார்த்தது 50 சதுர மீற்றர்தான். நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை, ஆயிரத்தில் இரண்டு பங்குக்கும் குறைவு. இங்கிலாந்தில் இப்படியான வேலைகளுக்கு நிலத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை அகழிகளாகத் திறந்து பார்ப்பது வழக்கம். ஆகவே எங்கே குழி போடுவது என்ற முடிவில்தான் ஆய்வின் பெறுமதி முழுவதும் இருக்கிறது.

சல்லடையும் முக்கியம். படிகக்கல் நுண்கருவி நகத்தளவு இருக்கும், செதுக்கும்போது உதிர்ந்த சில்லுகள் அதைவிடச் சிறியவை. பெரிய கண் சல்லடையில் எல்லாம் மண்ணோடு போய்விடும். மலையகத்துக் களிமண் ஈரத்தில் உருண்டை உருண்டையாக ஒட்டும், சலிக்கவே முடியாது, தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும். முகட்டில் குழி, தண்ணீர் கீழே பீலியில். அதை யார் சுமப்பது, அதற்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் சின்ன விஷயமாகத் தோன்றும். கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போவது இப்படியான இடங்களில்தான்.

அப்புறம் எலும்பு. தேயிலை நன்றாக வளரும் மண் அமிலத் தன்மையுள்ளது. அந்த மண்ணில் எலும்பு நீண்டகாலம் நிற்காது, கரைந்துவிடும். குகைகளில் சாம்பலும் நத்தை ஓடும் சேர்ந்த படிவுகளில் மட்டும் தப்பிப் பிழைக்கிறது. ஆகவே மலைச்சரிவில் ஒரு பழைய புதைகுழியைத் திறந்தால் எலும்புக்கூடு தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. செம்மண்ணுக்கு நடுவே ஆள் நீளத்துக்கு, கொஞ்சம் கறுப்பேறிய, கொஞ்சம் தளர்ந்த மண் தெரியும். அதற்குள் ஒரு கண்ணாடி வளையல் துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி, ஒரு செப்புக்காசு இருக்கலாம். பயிற்சி பெற்ற கண் கரண்டியால் மெல்லச் சுரண்டினால்தான் அந்த நிற வேறுபாடு பிடிபடும். பெக்கோ சாரதிக்கு அது வெறும் மண். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த இடத்தில்தான் நான் சொன்ன திகதி வருகிறது. தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பழைய நினைவுச்சின்னம் என்பதை 1815 மார்ச் 2க்கு முற்பட்டது என்று வரையறுக்கிறது. கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. கம்பளைக்கு அருகே சிங்காபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் தொடங்கியது 1820களில். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக நட்டது 1867இல். அதாவது, தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்து இந்த மலைகளை வெட்டித் திருத்திய நம் மக்களின் வரலாறு மொத்தமும் அந்தத் திகதிக்குப் பிந்தியது. பிந்திய இடங்களையும் அமைச்சர் வர்த்தமானி மூலம் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க வழி இருக்கிறது. அப்படி அறிவிக்க முதலில் அந்த இடம் யாராவது ஒருவரின் பதிவில் இருக்க வேண்டும். ஒரு துரை பங்களாவும் தேவாலயமும் அந்தப் பதிவில் இலகுவாக ஏறிவிடும். லயமும் மயானமும் ஏறுவதில்லை.

சோதனைக் குழியில் இதன் விளைவை நேராகப் பார்க்கலாம். குழியின் முதல் அரை மீற்றர் பெரும்பாலும் 'தேயிலைச் செய்கையால் குழம்பிய மண்' என்று ஒரே வரியில் எழுதப்பட்டு ஒதுக்கப்பட்டுவிடும். அதற்குக் கீழே இருப்பதுதான் ஆய்வுக்குரியது என்ற எண்ணம். ஆனால் அந்தக் குழம்பிய மண்தான் நம் இருநூறு ஆண்டுகள். கோப்பிக் காலத்து லயத்தின் கல் அத்திவாரம் அதில் இருக்கும். கோப்பிப் பழத்தைக் கழுவித் தோல் நீக்கிய கல்தொட்டியின் மூலை இருக்கும். உடைந்த அம்மி, ஊரிலிருந்து கொண்டு வந்த பானையின் ஓடு, விக்டோரியா மகாராணி தலை போட்ட காசு இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பும்போது எந்தத் தோட்டத்துக்குரியவர் என்று காட்ட இலக்கம் பொறித்த தகர வில்லை கொடுத்தார்கள். அப்படி ஒரு வில்லை சல்லடையில் விழுந்தால், அந்த லயத்து மண் எந்தத் தோட்டக் கணக்கில் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நம்மவர் பக்கத்திலிருந்து அந்த நூற்றாண்டைப் பற்றி எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. ஆட்களை வேலை வாங்கிய கங்காணியின் கணக்கும் துரையின் கடிதமும் சொல்லாததை இந்த ஓட்டுச் சில்லுகள் சொல்லும்: என்ன சமைத்தார்கள், எதை வாங்க முடிந்தது, லயத்தின் ஓர் அறையான காம்பராவில் எத்தனை அடுப்பு எரிந்தது.

தெய்வங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தோட்டத்து முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கவ்வாத்துசாமிக்கும் பல இடங்களில் கோபுரம் கிடையாது. மரத்தடியில் நட்ட கல், அதில் மஞ்சள் குங்குமம், பக்கத்தில் ஒரு சூலம். அந்த லயம் காலியாகி ஆட்கள் வேறு டிவிசனுக்குப் போய்விட்டால், மழையில் குங்குமம் கழுவப்பட்டு, கல் வெறும் கல்லாகிவிடும். ஆய்வுக் குழு அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் பக்கத்து லயத்தில் ஒரு பாட்டியைக் கேட்டால் அது எந்தச் சாமி, யார் வைத்தது, எந்த மாதம் கிடாய் வெட்டினார்கள் என்று சொல்லிவிடுவார். இந்தக் கேள்வியைக் கேட்க அரை நாள் போதும்.

மயானம்தான் எனக்கு அதிகம் வலிக்கும் விஷயம். தோட்டத்து மயானங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காணி உறுதி கிடையாது, மதில் கிடையாது, பெயர்க்கல் கிடையாது. நிலம் அரசுடையது, 1992க்குப் பிறகு பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. சோதனை அகழ்வுக்கு அனுமதி தோட்ட அலுவலகத்தில் கேட்கப்படும். அந்த மண்ணில் தாத்தாவைப் புதைத்தவரிடம் கேட்பதற்குச் சட்டத்தில் ஒரு படிவமும் இல்லை. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த நடைவழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்கு அதுகூட இல்லை. 2023இல், மலையகம் வந்து இருநூறு ஆண்டான நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்களே, அந்தத் தடத்தில் எத்தனை இடத்தில் காலடியில் புதைகுழிகள் இருந்தன என்று காட்ட எந்த வரைபடமும் இல்லை. ஏ9 வீதி அகலமாக்கப்படும் ஒவ்வொரு தடவையும் இது நினைவுக்கு வர வேண்டும்.

இப்படியான இடத்தைக் கண்டுபிடித்து மதித்த நாடுகள் உண்டு. 1991இல் நியூயோர்க் நகரின் மன்ஹாட்டனில் ஓர் அரச அலுவலகக் கட்டடத்துக்கு முன்னோடியாகச் சோதனை அகழ்வு நடந்தது. 18ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் அங்கே ஆபிரிக்க அடிமைகளின் மயானம் குறிக்கப்பட்டிருந்தது. பிற்காலக் கட்டடங்களின் நிலவறைகள் எல்லாவற்றையும் அழித்திருக்கும் என்றுதான் திட்டக்காரர்கள் எண்ணினார்கள். ஆனால் பள்ளமாக இருந்த அந்த இடம் பழைய காலத்திலேயே மண்போட்டு நிரப்பப்பட்டிருந்ததால் ஆழத்தில் புதைகுழிகள் அப்படியே இருந்தன. 400க்கு மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளிவந்தன. கறுப்பின மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு கட்டடத் திட்டம் மாற்றப்பட்டது. 2003இல் எச்சங்கள் சடங்குகளோடு திரும்ப அடக்கம் செய்யப்பட்டன. 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச்சின்னமானது. அதே 2006இல் மொரீசியசில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அந்தப் படிகளில் இறங்கியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். நம்மிடம் கம்பளைக்கருகே ஒரு பழைய லயத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அது மக்கள் அமைப்பொன்றின் முயற்சி, வீதித் திட்டங்களின் அகழ்வில் கிடைத்த பொருள் அங்கே போய்ச் சேர ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டதும் இலங்கைத் தமிழர் பலருக்கு வயிற்றைப் பிசைகிறது என்பது எனக்குத் தெரியும். கிழக்கு மாகாணத்துக்கு 2020இல் அமைக்கப்பட்ட தொல்பொருள் செயலணியில், அமைக்கப்பட்டபோது ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. நம் கோயில் நிலத்தில் தொல்பொருள் திணைக்களப் பலகை நட்டுவிடுவார்களோ என்ற பயம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. ஆனாலும் சோதனை அகழ்வை விரட்டுவது அதற்கு மருந்தல்ல என்பதே என் எண்ணம். முறையாக வெட்டி, அடுக்கு அடுக்காக வரைந்து, ஒவ்வொரு பொருளையும் எந்த ஆழத்தில் கிடைத்தது என்று பதிந்த குழியை யாரும் பிறகு தங்கள் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது. பதியாமல் போன குழியைப் பற்றித்தான் எவரும் எதையும் சொல்லலாம். நம் பிள்ளைகள் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் தொல்லியல் படித்து அந்தக் குழிக்குள் இறங்க வேண்டும்.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழை மலைநாட்டு வீதிகளைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது. அவற்றைக் கட்டியே ஆக வேண்டும், சீக்கிரமாகவும் கட்ட வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி இல்லாத மக்களிடம் பானை ஓட்டைப் பற்றிப் பேசிக் காலம் கடத்த நான் சொல்லமாட்டேன். ஆனால் மண்சரிவுக்குப் பயந்து வீதியைப் பழைய தடத்திலிருந்து விலக்கிப் புதிய சரிவில் போடும்போதும், ஆபத்தான லயங்களிலிருந்து மக்களை எழுப்பிப் புதிய குடியிருப்புகளுக்கு நிலம் வெட்டும்போதும் ஆய்வு கட்டாயம் வேண்டும். உறுதியான சமதரை எதுவோ அதைத்தான் இன்று எல்லோரும் தேடுகிறார்கள். கற்கால மனிதனும் அதைத்தான் தேடினான், கோப்பிக் காலத்துக் கங்காணியும் லயம் கட்ட அதைத்தான் தேடினான். கைவிடப்படும் லயத்தை இடிப்பதற்கு முன் அளந்து, படம் பிடித்து, ஒரு காம்பராவின் தரையையாவது அகழ்ந்து பார்ப்பதற்குச் சில நாள் போதும்.

தடத்துக்கு வெளியே நடப்பதையும் கவனிக்க வேண்டும். ஆய்வு வழக்கமாக வீதியின் நடுக்கோட்டைச் சுற்றித்தான் நடக்கும். ஆனால் கிறவல் அள்ளும் குழி, வெட்டிய மண்ணைக் கொட்டும் பள்ளம், கல் உடைக்கும் இடம், வேலையாட்கள் முகாம், லொறி ஏறி வரும் தற்காலிகப் பாதை, இவையெல்லாம் பிறகு ஒப்பந்தக்காரர் வசதிக்கு முடிவு செய்பவை. பழைய மயானத்தின்மேல் மண் கொட்டுவது இப்படித்தான் நடக்கும், யாரும் வேண்டுமென்று செய்ய வேண்டியதில்லை. கேள்விப்பத்திரம் கோருவதற்கு முன்பே இந்த இடங்களும் வரைபடத்தில் குறிக்கப்பட்டு ஆய்வுக்குள் வர வேண்டும்.

தோட்டத்து மக்கள் தரப்பில் செய்யக்கூடியதும் உண்டு. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் தரப்படுகின்றன. அந்த நாட்களுக்குள் மயானம், பழைய லயத்தரை, சாமிக்கல், கோப்பித் தொட்டி, பழைய பீலி எங்கெங்கே இருக்கின்றன என்று மலை இலக்கத்தோடு ஒரு தாளில் எழுதி, கோயில் கமிட்டியும் தொழிற்சங்கக் கமிட்டியும் கையெழுத்திட்டு, பிரதேச செயலகத்துக்கும் தொல்பொருள் திணைக்களத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். தமிழில் எழுதி அனுப்பலாம், தமிழிலேயே பதில் கேட்கும் உரிமையும் உண்டு. வேலை நடக்கும்போது மண்ணிலிருந்து பழைய பொருள் ஏதும் வெளிப்பட்டால் அதை எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது. சட்டப்படி நிலத்தடியிலிருந்து வெளிவரும் தொல்பொருள் அரசுடையது. இருந்த இடத்திலேயே விட்டு, கைத்தொலைபேசியில் அந்த இடமும் சுற்றுப்புறமும் தெரியப் படம் எடுத்து, அன்றே கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசுக்கோ அறிவித்து, அறிவித்த நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும். படத்தில் அளவு தெரிய ஒரு தேக்கரண்டியையோ அடிமட்டத்தையோ பக்கத்தில் வைத்தால் ஆய்வாளருக்குப் பெரிய உதவி.